மூன்றாவது மிஷின்

சொல்தா,

இன்று காலை நம் தெருவில் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். திருட்டு சாஃப்ட்வேர் பிடிக்க ரெய்டு வருகிறதாம். பக்கத்து பிரவுசிங் சென்டர்காரர் ஓடிவந்து, "அண்ணே, நீங்களும் சாத்திடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அன்றைக்கே சாத்தாதவன் இன்றைக்கா சாத்துவேன்?

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்த உன்னை முத்தியால்பேட்டையே சொல்தா என்றுதான் கூப்பிட்டது. பாரிஸிலிருந்து உன் மகன் அனுப்பிய லினக்ஸ் சிடியை நம் டி.டி.பி. கடைக்குக் கொண்டுவந்தவன் நீ. "ஒரு கம்பெனி செஞ்சதில்லய்யா, உலகம் பூரா ஆளாளுக்குச் சேந்து செஞ்சது. பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், காப்பி எடுத்து யாருக்கும் குடுக்கலாம். திருட்டு இல்ல" என்றாய். நான் யாரிடமும் படிக்காமல் நானாகவே கற்றவன். பூட்டிவைத்த பொருள் எனக்கு ஆகாது. அன்றே பிடித்துக்கொண்டேன். கடையின் மூன்று கம்ப்யூட்டர் மிஷினிலும் அதையே ஏற்றினோம்; போட்டதும் திரையில் லினக்ஸின் பெங்குவின் வந்து நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் தமிழ் எழுத்து உடைந்து வந்தபோது இணையத்தில் எழுதிக் கேட்டாய். முகம் தெரியாத யாரோ சரிசெய்து அனுப்பினார். எந்தக் கம்பெனி நமக்கு அப்படிப் பதில் எழுதியது?

ஆனால் முதலில் மாறியதும் நீதான். நான் வில்லியனூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மூன்றாவது மிஷினில் லினக்ஸை எடுத்துவிட்டு, கம்பெனி சாஃப்ட்வேரின் திருட்டு சிடியைப் போட்டுவிட்டாய்.

"வர்றவங்க குடுக்குற ஃபைல் நம்மகிட்ட தொறக்கல. கடைய மூடிட்டு பீச்சுல போய் உக்காரலாமா?"

"அத எடுக்குற வரைக்கும் எங்கிட்ட பேசாத."

பேசவில்லை. ஒரே கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் கம்பெனி ஆட்கள் போலீசோடு ரெய்டுக்கு வந்தார்கள். எதிர்க்கடை மிஷின்கள் ஏற்கெனவே வேனில் ஏறிவிட்டன. நம் முதல் மிஷினைப் பார்த்தார்கள். இரண்டாவதையும் பார்த்தார்கள். மூன்றாவதில் மாட்டினால் கடை போகும், இருவர் மேலும் வழக்கு வரும். அதிகாரி பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. நீயோ எனக்கென்ன என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பெங்குவின் வந்தது.

வேன் தெருவைத் தாண்டியதும் கத்தினேன். "எப்பய்யா எடுத்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே" என்று டீ குடிக்கப் போய்விட்டாய்.

உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அந்த மிஷினில்தான் செய்தேன். ஓர் எழுத்தும் உடையவில்லை. திறக்காத அந்த ஃபைல்களும் இப்போது இதிலேயே திறக்கின்றன. யார் யாரோ உட்கார்ந்து சரிசெய்துவிட்டார்கள். அதைப் பார்க்காமல் போய்விட்டாயே என்பதுதான் என் ஆத்திரம்.

ஷட்டர் சத்தம் கேட்டதும் இன்று மூன்றாவது மிஷினைப் போட்டேன். திரை கறுப்பாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னமும் மூச்சு நின்றுபோகிறது. பெங்குவின் வந்தது. கடை திறந்தே இருக்கிறது.

ஜெயித்தது நான்தான், சொல்தா. இல்லையென்றால் வந்து சொல்.