நீ பூட்டிய வண்டியும் நான் ஏறிய மேடும்

கல்லல் பக்கம், நம் வீடு
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் சதீஷ்குமாருக்கு அம்மா நாகவல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மாடு சுகம், கொல்லை முருங்கை சுகம், என் கோபமும் நல்ல சுகமாகவே இருக்கிறது. அங்கே ஜெர்மனியில் நீயும் ரேணுகாவும் குளிருக்கு இதமாக உடுத்தி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்கக் கொப்புடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ சரிம்மா சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் மீட்டிங் என்று சொல்ல முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். ரேணுகாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி, எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் நம் மேலச்செய் வயலுக்குக் கிளம்பலாம் என்று ரேணுகாவின் மின்சார சைக்கிளை எடுத்தேன். பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, பேட்டரியும் நிறைய இருக்கிறது, ஆனால் மிதித்தால் மோட்டார் தள்ளவில்லை. திரையின் மூலையில் ஒரு பூட்டுப் படம். நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று அணைத்து அணைத்துப் போட்டேன், மறுபடி சார்ஜ் போட்டுப் பார்த்தேன், கடைசியில் பக்கத்து வீட்டு ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, அக்கா, ஓனரு பூட்டியிருக்காருன்னுல்ல போட்டிருக்கு என்றாள். ஓனர் கடல் தாண்டி இருக்கிறான், அவன் எப்படிடீ இங்கே வந்து பூட்டுவான் என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். பிறகு ரேணுகாவுக்குப் போன் போட்டால், அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, அத்தை, அவருதான் இங்க இருந்து போன்ல பூட்டுனாரு, கோவிச்சுக்காதீக, உங்க நல்லதுக்குத்தான் என்கிறாள். பூட்டியவன் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மருமகள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நான் வண்டி ஓட்டுவதே பிடிக்காத உன் சித்தப்பா பூட்டியிருந்தால் எனக்குக் கோபம் மட்டும் வந்திருக்கும். நீ பூட்டியது என்று தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. மாட்டுக்கொட்டகையில் நின்று நன்றாக அழுதேன், ஈஸ்வரி பார்த்தாள், பார்க்கட்டும்.

இந்த வண்டிகளை நான் கேட்டேனா? பெங்களூரில் இருந்தபோது மலையேறப் போகிறோம் என்று நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று ஆசையாக வாங்கினீர்கள். ஜெர்மனிக்குப் போகும்போது இரண்டையும் லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டு, அம்மா, தூசி தட்டி வை, பேட்டரியை அப்பப்ப சார்ஜ் போடு என்று சொல்லிப் போனாய். கறவை நின்ற மாட்டுக்குத் தீனி போடுவதுபோல நானும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். தூசி தட்டத் தட்டத்தான் எனக்கும் ஏறிப் பார்க்க ஆசை வந்தது. அன்றைக்கு வீடியோவில் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தது யார், நீதானே? மோட்டாரும் கியரும் பெடலுக்கு நடுவில் ஒரே பெட்டிக்குள் இருக்கும்மா, பின் சக்கரத்தில் தொங்குகிற சாமான் எதுவும் இல்லை, முள்ளில் மாட்டாது, நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம், செயினுக்குப் பதில் பெல்ட்டு, எண்ணெய் கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும் என்றாய். கல்யாணத்துக்கு முன்னால் என் அண்ணன் சைக்கிள் செயினில் பாவாடை சிக்கி அடி வாங்கினவள் நான், அதனால் அந்தப் பெல்ட்டைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. ரேணுகா விட்டுப்போன பேண்டைப் போட்டு, மேலே உன் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறேன். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். நாற்று நடும்போது புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடாத பொம்பளை நம் ஊரில் யார் இருக்கிறாள்?

உன் அப்பா போனபிறகு நான் மேலச்செய்க்குப் போய்வந்த பாடு உனக்குத் தெரியாது. கண்மாய்க்கு அந்தப்பக்கம் ஆட்டோ வராது, மணலும் சரளையும், கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கு மேடு வேறு. நடந்தால் என் முழங்கால் வீங்கிவிடும். அதனால் உன் சித்தப்பா பொன்னழகு தன் பைக்கில் எப்போது கூட்டிப்போகிறாரோ அப்போதுதான் நான் என் நிலத்தைப் பார்க்க முடியும். இன்னைக்கு வேலையிருக்கு மதினி, நாளைக்குப் பாப்போம் என்பார், அந்த நாளை வரவே வராது. சைக்கிள் ஓட்டத் தொடங்கியதும் ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். நம் போர்வெல் தண்ணீர் அவர் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது, நம் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. குழாயை நம் பக்கம் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து பம்புசெட்டுக்குக் கரண்ட் வருகிற நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன். அன்றிலிருந்துதான் உன் சித்தப்பாவுக்கு என் உடம்பின் மேல் இவ்வளவு அக்கறை.

அவர் உனக்கு அனுப்பிய வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயுதபூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, பம்புசெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன், இத்தனை நாள் என்னைச் சுமந்த வண்டியை மட்டும் விட மனசு வருமா? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பிடித்த பெல்ட்டாயிற்றே என்று அதன் ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன், கெட்டியாகவே வைத்தேன். மறுநாள் காய்ந்துபோய், மிதிக்க மிதிக்க ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்துத்தான் உன் சித்தப்பா டீக்கடையில் நின்று படம் எடுத்திருக்கிறார். மதினி லட்சக்கணக்கான சாமானை ஒடைச்சுப்புட்டாக என்று உனக்கு எழுதியதை ரேணுகா எனக்குச் சொல்லிவிட்டாள். உடையவும் இல்லை, ஒன்றும் இல்லை. போர்வெல்லுக்கு ஓட்டிப்போய் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றி, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சந்தனத்தைத் தேய்த்து எடுத்தேன், சத்தம் போன இடம் தெரியவில்லை. அதை யாரும் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பவில்லை.

கீழே விழுந்தாயாமே என்று நீ கேட்கலாம். விழுந்தேன். கலுங்கு மேட்டில் மணலில் சறுக்கி விழுந்து முட்டி சிராய்த்தது, மஞ்சள் போட்டேன், ஆறிவிட்டது. போன வருஷம் இதே சித்தப்பா பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவர் பள்ளத்தில் விட்டு நான் விழுந்து, காரைக்குடி ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டேனே, அப்போது அவர் பைக்கை யார் பூட்டினார்கள்? அவருக்குப் பின்னால் உட்கார்ந்து விழுந்தால் விபத்து, நானாக ஓட்டி விழுந்தால் வயசுக்கோளாறு. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, நீ படித்தவன், புரிந்தால் எழுது.

இப்போது திங்கட்கிழமைக் கதையின் மிச்சத்தைக் கேள். அழுது முடித்து முகம் கழுவினேன். நாற்று என் அழுகைக்காகக் காத்திருக்காது. நீ மோட்டாரைத்தான் பூட்டினாய், பெடலைப் பூட்டவில்லை, கியரும் மாறியது. லேசான ஒரு கியரைப் போட்டு மிதித்துக்கொண்டு போனேன். மோட்டார் இல்லாவிட்டால் அது என்ன கனம் கனக்கிறது! கண்மாய்க்கரை வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன், அதற்குமேல் திட்டவும் மூச்சு இல்லை. கலுங்கு மேட்டில் பாதியில் நின்றுபோனேன். அங்கே பொன்னழகு வண்டியை நிறுத்திவிட்டு எனக்காகவே காத்திருந்தவர்போல நிற்கிறார். என்ன மதினி, கரண்டு போயிருச்சா, ஏறுங்க, நான் கொண்டுபோயி விடுறேன் என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரண்டு போனா என்ன கொழுந்தனாரே, காலு இருக்குல்ல, நீங்க அங்குட்டு ஒதுங்குங்க என்றேன். வாய் சொல்லிவிட்டது, கால் கேட்கவில்லை. அந்த மேட்டில் என்னால் ஏற முடியவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன், அவர் பார்த்துக்கொண்டே நின்றார். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் கூடுதலாக ஏறி, பாதிக்குமேல் நின்றேன். நேற்று மறுபடி அதே இடத்தில் நின்றபோது நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு காலை ஊன்றி, நின்றபடியே கியரை இன்னும் லேசாக்கி, அம்மா தாயே என்று ஒரு மிதி மிதித்தேன். நகர்ந்தது. நகர்ந்ததை விடவில்லை, மேட்டின் உச்சி வரை கீழே கால் வைக்காமல் ஏறிவிட்டேன். மேலே போய் நின்று மூச்சு வாங்கியபோது நம் நாற்று பச்சைப்பசேல் என்று தெரிந்தது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் சித்தப்பா நேற்று அங்கே இல்லை, அதுதான் எனக்குக் குறை.

இன்னொன்று. நீ உன்னுடைய பெரிய வண்டியைப் பூட்ட மறந்துவிட்டாய். பட்டனை அமுக்கிப் பார்த்தேன், மோட்டார் ஜம்மென்று தள்ளுகிறது. நடுவில் குறுக்குக் கம்பி உயரம்தான், கல்லில் ஏறி நின்று காலைப் போட்டால் நான் அதையும் ஓட்டிவிடுவேன். ஆனால் தொடவில்லை, உறை போட்டு மூடிவைத்துவிட்டேன். என் நிலத்துக்கு நான் போவதற்கு உனக்குத் தெரியாமல் ஒளித்து எடுத்துப் போகவேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை. வண்டி உன்னுடையதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டியவனே திறக்கவேண்டும், அதுவும் சித்தப்பாவிடம் கேட்காமல், எந்த டாக்டரிடமும் கேட்காமல், என்னிடம் மட்டும் கேட்டு. தலையில் போடுகிற தொப்பியைப் போடச் சொல், போடுகிறேன். மழை பெய்து கரை வழுக்கினால் இறங்கித் தள்ளச் சொல், தள்ளுகிறேன். போகாதே என்று மட்டும் சொல்லாதே, அதை உன் அப்பாவே என்னிடம் சொன்னதில்லை.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு வண்டிகளையும் விற்றுவிடலாம் என்று போனில் சொன்னாயே, தாராளமாக வா. வந்து இறங்கிய மறுநாள் காலையில் நீ உன் வண்டியை எடு, நான் ரேணுகாவின் வண்டியை எடுக்கிறேன், இரண்டிலும் மோட்டாரை அணைத்துவிட்டு மேலச்செய்க்குப் போவோம். கலுங்கு மேட்டில் நீ கால் ஊன்றாமல் ஏறி வந்துவிட்டால், உச்சியில் உட்கார்ந்து விற்பதைப் பற்றிப் பேசலாம். நான் முன்னாலேயே போய் உனக்காகக் காத்திருப்பேன்.

ரேணுகாவிடம் அவள் பேண்ட் முட்டியில் கிழிந்துவிட்டது, தைத்துவிட்டேன் என்று சொல். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் திடமான காலோடும் நன்றாயிருங்கள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, வெந்நீர் குடி. பூட்டை மறக்காதே.

எப்போதும் உன் அம்மா,
நாகவல்லி முத்துராமலிங்கம்