காரத்தின் அளவு

12-6-1959

சாரல் பிடித்துவிட்டது. வார்த்த சோப்பு இறுகவில்லை. அச்சைத் திறந்தால் களி மாதிரி கையோடு வருகிறது. வகுப்பில் பதினோரு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள், மழையை நான்தான் வரவழைத்த மாதிரி. "நாளைக்கு இறுகும், பொறுங்க" என்றேன்.

ஆகஸ்டு கடைசியில் பயிற்சி முடிகிறது. இந்தச் சோப்புப் பயிற்சியை நடத்தும் சங்கம் குற்றாலத்தில் கட்டியிருக்கும் கொட்டகையை அடுப்பு, அண்டா, அச்சுகளோடு ஒருவருக்குத் தொழில் தொடங்கக் கொடுப்பார்கள். யாருக்கு என்று நான் எழுதித் தரவேண்டும். பேராச்சி பெயரை எழுதப்போகிறேன். புருஷன் போனபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறவள். மேலகரத்திலிருந்து தினமும் நடந்தே வருகிறாள். வகுப்பில் சிவசைலம் அவளைவிடக் கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு வீடும் வயலும் இருக்கிறது. அவனிடமே சொல்லிவிட்டேன். சிரித்தான். "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதான், டீச்சரம்மா."

என் குறிப்பு நோட்டை நகல் எடுத்துக்கொள்ளக் கேட்டான். கொடுத்தேன்.

3-8-1959

வேலை போயிற்று.

மொட்டைக் கடிதாசி. 'பயிற்சிக்கு வரும் தேங்காயெண்ணெயை ஆசிரியை ஆவுடைத்தாய் குடத்தில் வைத்து வீட்டுக்குக் கடத்துகிறாள், ஏழைகள் வாழவழி செய்யும் திட்டம் பாழாகிறது.' சங்கத்துக் காரியதரிசி அதை மேசைமேல் வைத்துப் படித்தார். எதிரே நின்ற எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. தலைகீழாகப் பார்த்தால் மட்டும் கையெழுத்து மாறிவிடுமா? 'ழ'வின் வாலை மேலே சுழித்துக் கொக்கி போடுகிறவன் வகுப்பில் ஒருவன்தான். என் நோட்டை நகல் எடுத்த கை.

"எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும் சார்."

"பேரில்லாத கடுதாசிக்கு நீங்க பேரு வைக்காதீங்கம்மா."

நான் திருடி என்றால் நான் எழுதித் தந்த பெயரும் செல்லாது. கொட்டகை சிவசைலத்துக்குப் போகிறது. இதற்காகத்தானா? இதற்காக மட்டும்தானா? ஒன்பது வருஷ வேலை. திருடி! பஸ் ஸ்டாண்டில் யாரோ என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கட்டும். சிரிக்கட்டும்.

4-8-1959

அவன் தொழில் அழியவேண்டும். பின்னால் மனசு இளகினால் எடுத்துப் படிக்க இதை எழுதி வைக்கிறேன்.

21-9-1959

பேராச்சி வந்தாள். நின்றுகொண்டே பேசினாள். "சிவசைலம் அண்ணாச்சி சோப்பு குத்தாலத்துல அள்ளிட்டுப் போவுது. நாலு கடையிலயும் அவுக சோப்புதான். எனக்குத்தான் குடுப்பினையில்ல."

அவள் போகத் திரும்பியபோதுதான் தோன்றியது. அவனிடம் இருப்பது என்ன? என் அளவுகள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே அதை வைத்துச் சோப்பு காய்ச்சுகிறவன் அவன் ஒருவன் என்பதால்தானே கடைக்காரன் அவனைத் தேடுகிறான்? பத்துப் பேர் காய்ச்சினால்?

"ஏட்டி, நில்லு. உன் தெருவுல இன்னும் யாருக்கெல்லாம் இந்த வேலையப் படிக்க ஆசை?"

அவள் அழுதுவிட்டாள். என்னை நல்லவள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

2-2-1960

புழக்கடையில் வகுப்பு. ஏழு பெண்கள். சங்கத்தில் ஆறு மாதம் இழுத்ததை ஆறு வாரத்தில் முடித்தேன். அங்கே சொல்லித்தராததையும் சொன்னேன்: கடைக்காரன் முன்னால் குனிந்து நிற்காதே, மாதிரிக் கட்டியை முதலில் அவன் கையில் கொடு, பிறகு பேசு, எல்லாக் கட்டியும் ஒரே கனத்தில் இருக்கட்டும். பாலம்மாள் தன் புருஷனிடம் பேசவே பயப்படுகிறவள். அவளை நான்கு நாள் என் முன்னால் நிற்கவைத்து, நான் கடைக்காரனாக முறைத்து, பேசப் பழக்கினேன். ஐந்தாம் நாள் அவள் என்னையே முறைத்தாள்.

நேற்று அவளோடு குற்றாலத்தில் மைதீன் கடைக்குப் போனேன். மைதீன் கட்டியை மோந்து பார்த்தார், தண்ணீரில் நனைத்து நுரைத்துப் பார்த்தார். "சிவசைலம் சரக்கு மாதிரியேல்லா இருக்கு?"

"அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், பாய்."

அலமாரியில் அவன் சோப்பைத் தள்ளிவைத்து இடம் பண்ணிக் கொடுத்தார். அந்த ஒரு சாண் இடம் — வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

9-5-1960

மூன்று கடையில் அவன் சரக்கு இல்லை. செங்கோட்டையிலிருந்தும் இரண்டு பெண்கள் படிக்க வருகிறார்கள்.

18-6-1960

தேரடியில் எதிரே வந்தான். ஒதுங்குவான் என்று பார்த்தேன், ஒதுங்கவில்லை.

"ஏன் டீச்சரம்மா, பொம்பளையள எம்மேல ஏவி விடுதீய? நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்?"

"பெட்டிசன் எழுதும்போது கை நடுங்கலையால உனக்கு?"

"என்ன பெட்டிசன்?" என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டது. கூட்டம் கூடுமுன் விலகிப் போய்விட்டான். போகும்போது அவன் செருப்பைப் பார்த்தேன், ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. சந்தோஷம். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று தெரியாது.

14-7-1960

ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். இருபத்தைந்து வயதிருக்கும், முந்தானை முழுக்கச் சாரலில் நனைந்திருந்தது. "நான் முத்துவடிவு. சிவசைலம் வீட்டுல." அவன் பெண்டாட்டி!

அவனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். கொட்டகையில் காய்ச்சுவது, வார்ப்பது, வெட்டுவது எல்லாம் இப்போது இவள்தானாம். அவன் கடை கடையாக அலைகிறான். "சோப்பு வேர்த்து வேர்த்துக் கொட்டுது டீச்சரம்மா. கடைக்காரன் திருப்பிவிட்டுடுதான். அவுக நோட்டுல மழைக்காலத்துக்கு ஒண்ணும் இல்லியாம். என்ன செய்யணும்?"

மழைக்கால அளவை நான் நோட்டில் எழுதுவதில்லை, கடைசி வாரத்தில் வாயால் சொல்லித்தருவதுதான் வழக்கம்; அதற்குள் வேலை போயிற்று. மழைக்கு எண்ணெய்ச் சேர்மானத்தை மாற்றவேண்டும், வார்த்த கட்டியைக் காற்றாடும் பரணில் பத்து நாள் உலர்த்தவேண்டும். அவ்வளவுதான்.

நான் சொன்னது இது: "காஸ்டிக் சோடாவ ஒண்ணரைப் பங்கா கூட்டிக்கோ. தண்ணியில கரைச்ச சூட்டோட எண்ணெயில ஊத்து. ஆறவிடாதே."

அவள் கேட்டாள், "சூட்டோடயா? ஆறவச்சு ஊத்தணும்னுல்லா நோட்டப் படிச்சு அவுக சொன்னாக?"

"அது வெயில் காலத்துக்கு" என்றேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

கும்பிட்டுவிட்டுப் போனாள்.

16-7-1960

ஒரு செய்தியும் இல்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன்.

23-7-1960

நடந்துவிட்டது. மைதீன் கடையிலிருந்து பேராச்சி மூச்சு வாங்க வந்து சொன்னாள். அவன் சோப்பைப் போட்டு ஐந்தருவியில் குளித்த மதுரைக்காரர்களுக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, கூட்டமாக வந்து கடை வாசலில் கட்டிகளை வீசி அடித்திருக்கிறார்கள். சிவசைலத்தைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். மைதீனும் அவன் மிச்சச் சரக்கைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டார். சங்கம் கொட்டகையைப் பூட்டிவிட்டது.

கேட்டேன். மறுபடியும் ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சட்டையைப் பிடித்தது யார், அவன் என்ன சொன்னான், அழுதானா? "அழுதாகளான்னு தெரியல டீச்சரம்மா" என்றாள் பேராச்சி. பாயசம் வைக்கலாம் என்று வெல்லத்தை எடுத்துத் தட்டினேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள், "பாவம், அந்த முத்துவடிவுதான். முதல் தடவ காய்ச்சும்போதே அண்டா பொங்கி, கார நீரு வலது கையில கொட்டிட்டாம். அண்டாவுல மிஞ்சுனதத்தான் அண்ணாச்சி வார்த்துக் கடைக்குக் கொண்டுபோயிருக்காக. ஒரு வாரமா ஆஸ்பத்திரியில கெடக்கா."

வெல்லம் அப்படியே இருக்கிறது. எறும்பு மொய்க்கிறது.

24-7-1960

அவன் கொட்டகையை நினைத்துத்தான் சொன்னேன். சரக்கை நினைத்துத்தான். அவள் கையை நினைக்கவில்லை. நினைக்கவில்லையா? சூட்டோடு ஊற்று என்று சொன்னேனே. சூட்டோடு ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒன்பது வருஷம் முதல் நாள் முதல் பாடமாகச் சொன்னவள் நான்தானே!

6-9-1960

முத்துவடிவு வந்தாள். துண்டு போட்டு மூடிய கை. கதவைத் திறந்துவிட்டு நின்றேன். திட்டுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மழைக்கு என்ன செய்யணும்னு சரியா சொல்லித் தாங்க" என்றாள்.

பாயை எடுத்துப் போட்டேன். பிறகு கேட்டேன், "உன் புருசன்ட்ட சொன்னியா, நான்தான் சொன்னேன்னு?"

"சொல்லல. நானா அளவத் தப்பிட்டேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"சொன்னா அவுக இங்க வந்து சண்டை போடுவாக. அதுக்கப்புறம் நான் யாருட்டப் போயி படிக்க?"

"வேணும்னேதான் சொன்னேன்னு தெரியுமா உனக்கு?"

"நீங்க சொவத்தப் பாத்துச் சொல்லும்போதே ஒரு மாதிரி இருந்துது. இருந்தாலும் டீச்சர்ல்லா, தப்பாச் சொல்ல மாட்டீயன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். "பெட்டிசன் எழுதுனது அவுகதான். நாந்தான் வெளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என்ன எழுதுதாகன்னு கேக்கவும் இல்ல."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை. மழைக்கால அளவைச் சொன்னேன், மூன்று தரம். முதல் தடவை கேட்டதுமே அவள் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டாள்.

11-3-1961

ஆறு மாதமாக முத்துவடிவு வருகிறாள். பேராச்சியும் மற்றவர்களும் முதலில் முகம் கொடுக்கவில்லை, "அந்த வீட்டுக்காரிக்கு இங்கன என்ன வேலை?" என்றாள் பாலம்மாள். நடந்ததை முழுவதும் அவர்களிடம் சொன்னேன், வகுப்பு தொடங்கியதன் காரணத்தையும் சேர்த்து. பேராச்சி மட்டும் எழுந்துபோய் முத்துவடிவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பதினைந்து நாள் பேராச்சி என்னை டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை. வந்தாள், வேலை செய்தாள், போனாள்.

சிவசைலம் வயலைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டானாம். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவனைப் பற்றி இன்னமும் நல்லதாக ஒரு நினைப்பு வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

2-7-1962

முதல் வகுப்பு ஏழு பேரும் முத்துவடிவும் சேர்ந்து வாடகைக்குப் பிடித்திருக்கும் கொட்டகையில் இன்று புது வகுப்பு. சிவகிரி, திருவேங்கடம் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து, மொத்தம் பதினான்கு பேர். யார் நடத்துவது என்று போன வாரம் பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முத்துவடிவைச் சொன்னேன். எட்டுப் பேரில் அளவு ஒருபோதும் தவறாதவள் அவள்தான். ஒருவரும் மறுக்கவில்லை.

புனலூரிலிருந்து வந்திருந்த சிவசைலம் வாசலில் நின்று அண்டாவை இறக்கிக் கொடுத்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் தாண்டி உள்ளே போனேன்.

முத்துவடிவு முன்னால் நின்றாள். வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கமாக மடங்கிவிட்டது. துடுப்பைப் பிடிக்க வராது. "கார நீர நல்லா ஆறவச்சுத்தான் ஊத்தணும், ஏன்னு என் கையப் பாத்துக்கிடுங்க" என்று புதிய பெண்களிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊத்துங்க டீச்சரம்மா, மெதுவா" என்றாள்.

ஊற்றினேன். "இப்போ கிண்டுங்க, ஒரே பக்கமா." கிண்டினேன். அவள் போதும் என்று சொல்லுகிற வரைக்கும்.