கிடங்கு வீட்டுக்கு வந்த மூன்றாவது பார்ட்டி

ஐப்பசி, ஞாயிறு இரவு

அம்மா மழைக்கு முன்பிருந்தே மாடி ஏறுவதில்லை, ஹாலில் பெஞ்சில்தான் படுக்கிறாள் என்று, வீடு பார்க்க வந்தவர்கள் முன்னால் இன்று நான் சொல்லவில்லை. அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

முதுநகரில் உப்புக் கிடங்காக இருந்ததை வீடாக்கியவர் அப்பா. படுக்கையறை மேலே பரணில். ஏறுவதற்கு ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. இதை விற்றால்தான் சிதம்பரத்தில் மாடி ஏறத் தேவையில்லாத வீடு வாங்க முடியும். அப்பாவும் சரி என்றவர்தான்.

வந்த தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. மீன் மார்க்கெட் இரைச்சல்கூட அந்த அக்காவுக்குக் கலகலப்பாக இருந்ததாம். பிறகு வாசலைப் பார்த்து, "இந்த இரும்புக் கதவ எடுத்துட்டு கிரில் போட்டுக்கலாம், இல்ல சார்?" என்றாள்.

"கதவ எடுக்கறதுன்னா வேற வூடு பாருங்கம்மா" என்றார் அப்பா.

புரோக்கரான மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "மச்சான், வூட்டத்தான் விக்கறீங்க, பொண்ணு குடுக்கல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் வந்தவர் பரணை இடிப்பேன் என்றார், அவரையும் அப்பா அனுப்பிவிட்டார். அடுத்தவர் சுவருக்கு டைல்ஸ் என்றார், அவரையும். தான் கட்டியதை உயிராக நினைக்கும் மனிதர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அவர்களுடைய மனைவிகள் எங்கே படுத்தார்கள் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

அவர்கள் போன பிறகு அப்பா கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா பின்பக்கம் போய் மாமாவுக்குப் போன் செய்தாள். "அண்ணே, அவரு நாளைக்கு வேலைக்குப் போனதும் அவுங்கள திரும்பக் கூட்டியா. பத்திரம் எம்பேருலதான் இருக்குது."