திருப்பிப் போட்ட பல்வளையம்

மச்சான்,

இன்றும் அந்த மணம் வந்தது. சூடேறிய இரும்பில் எண்ணெய் கருகும் மணம். நான் இப்போது வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிற்சாலையில், அதிவேக மில்லிங் இயந்திரத்தின் வெட்டுக்கருவியைத் தாங்கும் பிடியை முதலில் சூடாக்குவோம். பிடியின் துளை விரியும். கருவியை உள்ளே விட்டால், ஆறும்போது சுருங்கி இறுக்கிக்கொள்ளும். திருகாணி ஒன்றும் கிடையாது. "எங்கடை பட்டறை வேலையெல்லோ இது!" என்று உன்னிடம் சொல்லத் திரும்புகிறேன். பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள். களைப்பாக இருக்கிறதடா.

போர் நெருங்க, கிளிநொச்சியில் நாமிருவரும் நடத்திய பட்டறையை விட்டு இடம்பெயர்ந்து, உடையார்கட்டுக்கு வந்த இடத்தில் நம் உழவு இயந்திரத்தின் ஸ்டார்ட்டர் சும்மா சுற்றியது. எஞ்சினின் பிளைவீல் சக்கரத்தைச் சுற்றி, ஸ்டார்ட்டர் கவ்வுவதற்கென இருந்த பல்வளையம் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் புதியது வர வழியில்லை. டீசல் இல்லாத காலத்தில் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருக்கவும் முடியாது. பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டிக்குள் நடக்க இயலாத என் அம்மா, உன் மனைவி, உன் கைக்குழந்தை. அந்தச் சேற்றில் தள்ளி ஸ்டார்ட் பண்ண யாருக்குத் தெம்பு இருந்தது?

வளையத்தைக் கழற்றி, தேயாத பக்கம் ஸ்டார்ட்டருக்கு வரும்படி திருப்பிப் போடுவோம் என்றாய். விரியட்டுமென்று சிரட்டைக்கரி நெருப்பில் அதை வைத்துவிட்டுக் குந்தியிருந்தாய். தூரத்தில் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. எப்போது வெளிக்கிடுவோமென்று எனக்கு ஒரே அந்தரம்.

"இவ்வளவு சூடு காணும், எடு," என்றேன்.

"பொறடா. வைக்கோல் நிறம் வரட்டும். நீலிச்சுதெண்டால் பல்லு மெத்தெண்டு போயிடும்."

தட்டாமலே வளையம் பிளைவீலில் போய் உட்கார்ந்தது. நான் வாளியைத் தூக்கினேன்.

"தண்ணி ஊத்தாதை! வெடிச்சிடும். தானா ஆறட்டும்."

"கோதாரி விழுவாங்களே, இரும்புக்குக் காவலிருக்கிறியளோ!" என்று அம்மா பெட்டிக்குள்ளிருந்து ஏசினா. நீ சிரித்தாய்.

முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது.

"நீ ஓட்டிக்கொண்டு போ. நான் சாமானைக் கட்டிக்கொண்டு சைக்கிளிலை வாறன்," என்றாய்.

பின்னால் வந்தவர்கள் உன் சைக்கிளைப் பாதையோரத்தில் கண்டார்களாம். உன்னைக் காணவில்லை. உன் மனைவி இன்னும் பொட்டு வைக்கிறா.

இங்கே சூடான பிடியை உடனே குளிர்விக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நான் அதை அழுத்துவதில்லை. ஏன் நேரத்தை மினக்கெடுத்துகிறாய் என்று கேட்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு, தானாக ஆறும்வரை நிற்கிறேன்.

அன்று உன்னை விட்டு வெளிக்கிட்ட பிறகு உழவு இயந்திரத்தை எத்தனை இடத்தில் நிறுத்தினேன், எத்தனை இடத்தில் மறுபடி எடுத்தேன்! ஒரு பல்லும் வழுக்கவில்லை. உன் பிள்ளை பெட்டிக்குள் நித்திரையாகவே வந்தாள். வளையம் நல்லாய்ப் பிடித்தது, மச்சான். அதைச் சொல்லத்தான் ஆளைக் காணவில்லை.