ஆட்டைச் சாட்டி நின்றவன்

குணேஸ்,

நீரும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலிருந்து உடப்புக்கு வந்து இறங்கும்போது நான் இறால் பண்ணையில் நிற்பேன். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு யோகாம்பாள் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். சோறும் மீன்குழம்பும் அடுப்படியில் மூடி இருக்கிறது. குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அழுது அழுது சமைத்தேன் என்று நினைக்கவேண்டாம், என் வழக்கமான கைதான்.

சின்னவளின் ஆடு சுகம். பள்ளிக்கூட மணி கேட்டால் மட்டும் கட்டையையும் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய், வெளியே வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாய் மோந்து பார்க்கிறது. பிறகு தனியே திரும்பி வந்து, எங்கள் பிள்ளைகளை நான்தான் தின்றுவிட்டேன் என்பதுபோல முறைக்கிறது. நேற்று நானும் அதோடு போய் வாசலில் நின்றேன்.

"அண்ணை, உங்கடை பிள்ளையள் ஊருக்கெல்லே போட்டினம்?" என்றார் பள்ளிக்கூட வாச்சர்.

"ஓம் தம்பி, ஆட்டுக்குத்தான் விளங்குதில்லை."

சண்டை நின்று பாதை திறந்துவிட்டது, ஊரில் விட்டுவிட்டு வந்த வீட்டை ஒருக்கால் பார்ப்போம் என்று நீர் கேட்டபோது, ஆட்டை யார் பார்ப்பது என்றேன். "ஆட்டைச் சாட்டாதேங்கோ, உங்களுக்குப் பயம்" என்றீர். அந்தக் கோபத்தில் உங்களை ஏற்றிவிடப் பஸ்ஸடிக்குக்கூட நான் வரவில்லை. இத்தனை நாளும் ஆடுதான் என்னைப் பார்த்துக்கொண்டது.

வீடு நிற்கிறதா இல்லையா என்று நான் வந்தவுடன் சொல்லவேண்டாம். முதலில் சாப்பிட விடும்.

இராமலிங்கம்

சாப்பிடும்வரை பொறுக்கமாட்டேன் போலிருக்கிறது. அங்கே வீடு நின்றால் ஆட்டை இங்கே முன்வாசலில் கட்டும், தூரத்திலேயே கண்டுகொள்வேன்.

இல்லையென்றால் ஆட்டையும் பிள்ளைகளையும் என்னைக் கூட்டிவரச் சந்திக்கு அனுப்பும். அவ்வளவு தூரம் தனியே நடந்து வர என்னால் ஏலாது.