வீரம்மாளின் முதல் கடிதம்

கோலியனூர்,
9-8-1986.

அன்பு மகள் ஜெயத்துக்கு அப்பா விருத்தாசலம் எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் நலம் என்று கை கூசாமல் இன்றுதான் எழுதுகிறேன்.

ஜூனில் அம்மா களத்துமேட்டில் வழுக்கி விழுந்தபோது சுளுக்கு என்று எழுதினேன். பொய். இடுப்பு முறிந்துவிட்டது. போன மாதம் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பழைய மூட்டை எடுத்துவிட்டு இரும்பு மூட்டு வைத்தார்கள். எட்டு மாதம் சுமந்து நிற்பவளை ரயிலேற வைக்க வேண்டாமென்று அம்மாதான் சொல்ல விடவில்லை. கோபப்படாதே.

ஆபரேஷனுக்கு முன் சம்மதக் காகிதத்தை டாக்டர் என்னிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். முதியோர் கல்வி வகுப்புக்கு அவள் போனபோது எவ்வளவு கேலி செய்தேன்! வார்டே கேட்க எழுத்துக் கூட்டிப் படித்தாள். உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில் நிறுத்தி, "செத்துப் போறவங்களும் இருக்காங்களா டாக்டரு?" என்றாள். சிலர் உண்டு என்றார் அவர். மூன்று மாதம் வரை காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் அபாயமும் உண்டு, நடந்தால் குறையும் என்றார். நான் பேனாவை மூடப் போனேன். "என் உசுருக்கு நானே போடறேன்" என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

முந்தாநாள் வாடகைக் காரில் அழைத்து வந்தேன். திண்டிவனத்தில் காரை நிறுத்தச் சொல்லி, நாலு கால் வைத்த அலுமினியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் இருபது அடி நடந்தாள். டீக்கடையே வேடிக்கை பார்த்தது. இவள் என் பெண்டாட்டி என்று எல்லோரிடமும் சொல்லலாம் போல இருந்தது.

வீட்டில் உன் அத்தை சின்னபொண்ணு பாயை விரித்து, "ஜல்தியா படு அண்ணி, ஆறு மாசம் எழுந்திருக்கக் கூடாது" என்றாள். புத்திகெட்டு நானும் தலையாட்டினேன். "படுத்துக்கினே கெடந்தா போய்ச் சேந்துடுவேன். தரையில குந்தவும் கூடாது. கட்டிலைப் போடுங்க" என்று இரண்டு பேரையும் அடக்கிவிட்டாள். காலையும் மாலையும் தெருவில் நடக்கிறாள். நானும் கூடவே நடக்கிறேன்.

ஒரு விஷயம். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவள் தன் கையால் உனக்கு ஒரு கடிதம் எழுதினாள். தான் பிழைக்காவிட்டால் மட்டும் தபாலில் போடச் சொன்னாள். இப்போது கிழிக்கச் சொல்கிறாள். பிறந்ததிலிருந்து அவள் எழுதிய முதல் கடிதம், எப்படிக் கிழிப்பேன்? டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் ஒன்றுதான் தீர்ந்திருக்கிறது. மூன்றும் தீரும்வரை அது என் சட்டைப்பையில் இருக்கட்டும். ஐப்பசியில் கைப்பிள்ளையோடு வந்து, படிக்காமல் நீயே கிழித்துப் போடு.

அம்மா எழுதி உனக்கு வரும் முதல் கடிதம் அதுவாக இருக்கக் கூடாது. அதனால் கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா.

ஜெயம் நல்லபடியா பெத்து எழு. நான் நடக்கிறேன்.
அம்மா வீரம்மாள்