மஞ்சள் கருவை ஒதுக்குகிறவர்

ஜூன் 4
இன்றும் முட்டை. மஞ்சள் கருவைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தின்றார். சோறு ஒரே கரண்டி. மடவை மீன் குழம்பை வேண்டாம் என்று சொன்ன பூவரசனைக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. நாற்பது தாண்டிய மனுஷனுக்கு என்ன புதுப் பழக்கம்?

ஜூன் 7
பழவேற்காடு பஜாரில், செல்போன் கடை மாடியில் அனஸ் என்கிற பையன் ஜிம் வைத்திருக்கிறான். கரைக்கு வந்ததும் அங்கேதான் ஓடுகிறார். காலையெல்லாம் வலை இழுக்கிறவருக்கு இரும்பு தூக்க என்ன ஆசை? கேட்டால், "ஒடம்ப பாத்துக்க வேணாவா?" என்கிறார். யாருக்காக என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

ஜூன் 8
பக்கத்து வீட்டு திரௌபதி அக்கா. இவருடைய வலைக் கூட்டாளி மாரியின் பெண்டாட்டி. வாய்க்குப் பூட்டே கிடையாது. மீன் ஏலத்தில் எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: "இன்னா மனோ, உன் ஊட்டுக்காரரு புதுமாப்ள கணக்கா சுத்துறாரு? இந்த வயசுல ஒருத்தன் ஒடம்ப தேத்துறான்னா அது பொண்டாட்டிக்கா?"
சிரித்துவைத்தேன்.

ஜூன் 15
இப்போது ஒரு டப்பா வேறு. வெள்ளைப் பவுடர், பாலில் கலக்கிக் குடிக்கிறார். போன் வந்தால் படகுப் பக்கம் போய்ப் பேசுகிறார். நான் போனால் கட் பண்ணிவிடுகிறார்.
டப்பாவைக் காலி செய்தேன். சென்னாக்குனிப் பொடி இறால் கருவாட்டை வறுத்து இடித்து நிரப்பிவைத்தேன். குடிக்கட்டும், நாறட்டும்.

ஜூன் 16
குடித்தார். முகம் கோணியது. ஒரு வார்த்தை பேசவில்லை.
ஏன் பேசவில்லை? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

ஜூன் 24
ஒருவேளை காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் செக்யூரிட்டி வேலையா? அதற்கு மார்பளவு எடுப்பார்களாம். அந்தத் துறைமுகத்தை எதிர்த்துக் கொடி பிடித்த ஊர் இது. அப்படி மட்டும் போனார் என்றால் — இல்லை, பொம்பளை சமாசாரம்தான்.

ஜூலை 2
குளிக்கும்போது முதுகு தேய்த்துவிட்டேன். இடது கை கல் மாதிரி திரண்டிருக்கிறது. வலது கை முன்னைவிட மெலிவு. ஒருத்திக்காக உடம்பை வளர்க்கிறவர் ஒரு கையை மட்டுமா வளர்ப்பார்?

ஜூலை 3
ஜிம்முக்கே போய்விட்டேன். படியில் நின்று பார்த்தேன். அனஸ் இவருடைய வலது கையில் சின்ன இரும்புக் கட்டையைக் கொடுக்கிறான். விழுகிறது. எடுத்து மறுபடி கொடுக்கிறான். விழுகிறது. பெரிய எடையெல்லாம் இடது கைக்குத்தான்.
என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். வழியில்தான் சொன்னார்: "நரம்பு செத்துனே வருதாம் மனோ. மெட்ராஸ் ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. போன்ல அவங்களோடதான் பேசுவேன். ஆடி முடிஞ்சா ஏரில யாருக்கு எந்த எடம்னு பாட்டுக்கு சீட்டு குலுக்குவாங்க. கை இப்டினு தெரிஞ்சா மாரி என்ன கூட்டு சேப்பானா?"
சேர்க்க மாட்டான். கூட்டாளி இல்லாதவர் பெயரைச் சீட்டில் எழுத மாட்டார்கள். பெயர் இல்லாவிட்டால் வருடம் முழுக்க ஏரியில் வலை போட இடமில்லை. அதற்குள் இடது கையைத் தேற்றிவிட இந்தப் பாடு படுகிறார்.
"அந்த டப்பால..." என்று இழுத்தேன்.
"சென்னாக்குனி. தெரியும். அதுலயும் சத்து கீதுன்னான் அனஸ்."
நடுரோட்டில் அழுதேன். பாவி, என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? நான் இன்னா ஊராளா?

ஜூலை 10
ஏலத்தில் திரௌபதி அக்கா சத்தமாகக் கேட்டாள்: "உன் ஆளு வலது கையால கயிறே புடிக்கறதில்லனு எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு. கைக்கு இன்னாச்சு?"
அத்தனை பேரும் திரும்பினார்கள்.
"நீ அன்னிக்கே சொன்னக்கா, நான்தான் நம்பல," என்றேன். "சுண்ணாம்புக்குளத்துல ஒருத்திய வெச்சினு கீறாரு. அவ பேர அந்தக் கைல பச்ச குத்தினு வந்து, வீங்கிக் கெடக்குது."
அழுகை தானாக வந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு வசை பாடினார்கள். கையைப் பற்றி அப்புறம் ஒருத்தியும் கேட்கவில்லை.
வீட்டுக்கு வந்து இவருடைய முழுக்கைச் சட்டைகளைத் தேடி எடுத்துவைத்தேன்.